அப்பாவின் முதுகுக்குப் பின்னால்

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில், டாசன் நகரிலிருந்து கிழக்கே 40 கிலோமீட்டர் போனால் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரியும் முக்கு வரும். அங்கிருந்து வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை சுமார் 740 கிலோமீட்டர். ஏறக்குறைய முழுவதும் சரளைக்கல் சாலை. முதல் 369 கிலோமீட்டருக்கு ஊரும் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. அதற்குப் பிறகு வருவது ஈகிள் பிளெயின்ஸ். அதுவும் ஊரல்ல; ஒரு விடுதி, ஒரு பங்க், ஒரு பட்டறை. 17 லிட்டர் டேங்க் உள்ள மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடினால்கூட 340-ல் நின்றுபோகும். பின்சீட்டில் ஒரு பிள்ளை, இருபுறமும் பெட்டிகள், மேலே சுருட்டிக் கட்டிய கூடாரம் என்றால் அந்த 20-ம் கிடைக்காது. தனிக் கேனில் பெட்ரோல் எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அதைச் சுமப்பதற்காக வேறு எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எதை விடுவது என்பதில்தான் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் முதல் பேச்சுவார்த்தை தொடங்குகிறது.

சாலைக்கு ஏன் தார் போடவில்லை என்று பிள்ளை கேட்டால் பதில் காலடியிலேயே இருக்கிறது. அங்கே மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுவதும் உருகாத பனி. மேலே இருக்கும் பாசியையும் புல்லையும் வெட்டியெடுத்துச் சாலை போட்டால் வெயில் உள்ளே இறங்கி அந்தப் பனியை உருக்கிவிடும்; சாலை அமிழ்ந்துபோகும். அதனால் தரையைத் தொடாமல், அதன் மீது சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேலான உயரத்துக்குச் சரளையைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின் மீது வண்டிகளை விட்டார்கள். குளிரைக் கீழேயே பூட்டிவைக்கும் போர்வைதான் அந்தச் சரளை. எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்காக 1959-ல் தொடங்கிய வேலை, இடையில் பல ஆண்டுகள் நின்று, 1979 ஆகஸ்டில்தான் முடிந்தது.

வெயில் அடிக்கும்போது தூசு அடங்குவதற்காகச் சாலையில் கால்சியம் குளோரைடு தூவுகிறார்கள். மழை பெய்தால் அதே பொருள் மேல்மண்ணோடு கலந்து வழவழப்பான சேறாகிறது. அந்தச் சேறு டயரின் பள்ளங்களை நிரப்பி, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு, ரேடியேட்டர் முகப்பில் அப்பி, காய்ந்ததும் சிமெண்ட் போல இறுகும். அப்படியே விட்டால் எஞ்சின் சூடேறும். வண்டியை ஓரங்கட்டி, ஒரு குச்சியை ஒடித்து, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளையாமல் சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். பெரியவரின் விரல்கள் நுழையாத சந்துகள் அங்கே உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல் நுழையும்.

இப்படியொரு சாலைக்கு ஒரு பிள்ளையை ஏன் கூட்டிப்போக வேண்டும்? வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நல்லவைதான். டூம்ஸ்டோன் மலைகளின் கரிய முகடுகள், லட்சக்கணக்கில் நகரும் கரிபூ மான்கள், நள்ளிரவிலும் மறையாத சூரியன், போன் இல்லாத நாட்கள். இனுவிக்கில் மே மாதக் கடைசியிலிருந்து ஏறக்குறைய 56 நாட்கள் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்கு உலகம் கொஞ்சம் பெரிதாகத்தான் ஆகும். ஆனால் மலையையும் மானையும் காரில் போயும் பார்க்கலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, இன்னும் பாதுகாப்பாகப் பார்க்கலாம். காட்சிக்காக மட்டும் என்றால், பிள்ளையின் உடம்பை இரண்டு சக்கரத்தின் மேல் வைத்து அந்தச் சேற்றுக்குள் கொண்டுபோவது நியாயமில்லை.

மோட்டார் சைக்கிள் கேட்பதும் கொடுப்பதும் வேறு. அதில் இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் நாள் முழுக்க ஒட்டியே இருக்கிறார்கள். முகம் பார்த்து நடக்கும் உரையாடலில் பதின்ம வயதுப் பிள்ளைக்கு வரும் கூச்சம் அங்கே இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கண்ணை உற்றுப் பார்க்க யாரும் இல்லை. முன்னால் இருப்பவர் பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவரின் நெஞ்சு முன்னவரின் முதுகில் போய் முட்டுகிறது. வளைவில் பின்னவர் தவறான பக்கம் சாய்ந்தால் முன்னவரின் கைக்கு உடனே தெரிகிறது. ஒருவரின் பயம் மற்றவருக்குச் சொல்லாமலே போய்ச் சேரும்.

பின்சீட்டில் உட்காரும் பிள்ளைக்குக் கால்கள் ஃபுட்ரெஸ்ட்டில் நன்றாக ஊன்ற வேண்டும். எட்டாத வயதில் ஏற்றவே கூடாது. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் ஆபத்து தூக்கம். நாள்தோறும் பல மணி நேரம், ஒரே சீரான எஞ்சின் சத்தம், ஒரே சீரான அதிர்வு. பிள்ளைகள் அப்படியே தூங்கிவிடுகிறார்கள். முதலில் பிடி தளரும். பிறகு சின்ன ஹெல்மெட் வந்து பெரிய ஹெல்மெட்டின் பின்புறம் ‘டொக்’ என்று மோதும். ஓட்டுகிறவர் ஒரு கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முழங்காலைத் தட்டுவார். மறுபடி ‘டொக்’ கேட்டால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போகிற அப்பா, பிள்ளையோடு போகவில்லை. ஊரைப் பிடிக்கப் போகிறார்.

அப்பாவும் பிள்ளையும் மோட்டார் சைக்கிளில் போவதென்றால் உலகில் பலருக்கு நினைவுக்கு வருகிற ஒரு ஜோடி உண்டு. 1968 ஜூலையில் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து ராபர்ட் பெர்சிக் என்பவர் தன் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பினார். கிறிஸ்ஸுக்குப் பதினொரு வயது. வண்டி 305 சிசி ஹோண்டா சூப்பர் ஹாக். இன்றைய கணக்கில் சின்ன வண்டி. 17 நாள் பயணம். டகோட்டாவின் சமவெளிகள், மான்டானாவின் உயர்மலைகள், பிறகு பசிபிக் கரை. அந்தப் பயணத்திலிருந்து பெர்சிக் எழுதிய புத்தகத்தை 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1974-ல் வெளிவந்தபோது லட்சக்கணக்கில் விற்றது. ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற அந்தப் புத்தகத்தைத் தத்துவ நூலாகவே பலரும் படிக்கிறார்கள். அதற்குள் இருக்கும் பையனைக் கவனித்தவர்கள் குறைவு.

கவனிக்க வேண்டியது அவனைத்தான். 1960-களின் தொடக்கத்தில் பெர்சிக் மனநல மருத்துவமனையில் இருந்தவர். மின்அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர். சிகிச்சைக்கு முன் இருந்த அப்பாவைச் சின்னப் பையனாகப் பார்த்தவன் கிறிஸ். திரும்பி வந்தவர் பழைய அப்பாதானா என்ற கேள்வியோடு அவன் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். முன்சீட்டில் அப்பா தரம் என்றால் என்ன, அறிவு என்றால் என்ன என்று மனதுக்குள் நீண்ட சொற்பொழிவு நடத்திக்கொண்டு போகிறார். பையனுக்கு வயிறு வலிக்கிறது, அழுகை வருகிறது, கோபம் வருகிறது. அவன் கண் முன்னால் இருப்பதெல்லாம் அப்பாவின் முதுகு. வழி நெடுக அவனுக்குச் சாலையே தெரியவில்லை என்பது புத்தகத்தின் கடைசியில்தான் வெளிப்படுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, அப்பாவின் தோள்களைப் பிடித்துக்கொண்டு அவன் முதல்முறையாக முன்னால் பார்க்கிறான். ஹெல்மெட் இல்லாமல் போவதை இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் அவ்வளவு நாள் ஓட்டிய ஓர் அப்பாவுக்குப் பின்னால் இருப்பவனுக்கு எதுவுமே தெரியவில்லை என்பது தோன்றாமலே போனது நெஞ்சை அறுக்கிறது. அவர் கெட்ட அப்பா இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. அந்த நினைப்பிலேயே பையனை மறந்துபோனார்.

அன்பு குறைந்து பிள்ளையைக் காயப்படுத்தும் பெற்றோரைவிட, தங்கள் கனவு பெரிதாக இருப்பதால் பிள்ளையைக் காணாமல் போக்கும் பெற்றோர்தான் அதிகம் என்று தோன்றுகிறது. டெம்ப்ஸ்டர் சாலையில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்க வேண்டும் என்பது பெரும்பாலும் நாற்பது வயதுக்காரரின் ஆசை. பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கற்பனைக் கோட்டில் என்ன இருக்கிறது? 405-வது கிலோமீட்டரில் ஒரு பலகை. அங்கே ஒரு படம். அப்பாவின் ஆசையில் பிள்ளை பங்கேற்பது அழகான விஷயம்தான். ஆனால் அது அப்பாவின் ஆசை என்பதை அப்பா மறக்காமல் இருக்க வேண்டும். அதை மறந்த பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்தச் சாலையின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது.

ஈகிள் பிளெயின்ஸ் விடுதியின் சுவர்களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் தொங்குகின்றன. மழைக்கு ஒதுங்கும் பயணிகள் காபிக் கோப்பையோடு அவற்றின் முன் நிற்பார்கள். சாலையின் பெயருக்குப் பின்னால் உள்ள கதை இது. 1910 டிசம்பர் 21-ம் தேதி, வடமேற்குக் குதிரைப் போலீஸைச் சேர்ந்த இன்ஸ்பெக்டர் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் மூன்று பேரோடும் நாய் வண்டிகளோடும் ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பினார். ஆண்டுதோறும் போலீஸார் தபால் கொண்டுபோகும் வழிதான் அது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அனுபவசாலி. விரைந்து போய்ச் சேர வேண்டும் என்று எடையைக் குறைத்தார். உணவை வழக்கத்தைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டார். வழிகாட்டியாக வந்த கார்ட்டர் அந்தப் பாதையில் ஒரே ஒரு முறை, அதுவும் சில ஆண்டுகளுக்கு முன், எதிர்த்திசையில் வந்தவர். நடுவழியில் குவிச்சின் பழங்குடியைச் சேர்ந்த ஈசா ஜார்ஜ் என்பவர் சில நாட்கள் அவர்களுக்கு வழிகாட்டினார். அந்த நிலத்தை அறிந்தவர். புத்தாண்டு நாளன்று அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு கணவாய்க்குத் திரும்பும் ஓடையைக் கார்ட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்காக நாள்கணக்கில் தேடினார்கள். குளிர் மைனஸ் 45 டிகிரிக்கும் கீழே. உணவு தீர்ந்துகொண்டே வந்தது. ஜனவரி 18 வாக்கில்தான் ஃபிட்ஸ்ஜெரால்ட் திரும்பிப் போக முடிவெடுத்தார். அப்போது மிகவும் தாமதமாகிவிட்டது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். நான்கு பேருமே இறந்துபோனார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் விழுந்த இடத்திலிருந்து ஃபோர்ட் மெக்ஃபர்சன் வெறும் 40 கிலோமீட்டர்.

பிப்ரவரி 28-ல் டாசனிலிருந்து அவர்களைத் தேடிக் கிளம்பியவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். அவரோடு சார்லி ஸ்டூவர்ட் என்ற குவிச்சின் வழிகாட்டி போனார். மார்ச் 21, 22 தேதிகளில் உடல்களைக் கண்டெடுத்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டின் சட்டைப்பையில் ஒரு காகிதத் துண்டு இருந்தது. அணைந்த நெருப்பிலிருந்து எடுத்த கரிக்குச்சியால் எழுதியது. தன்னிடமுள்ள பணமும் துணிமணிகளும் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் தன் தாய்க்குச் சேர வேண்டும் என்பதே அதில் இருந்த செய்தி. நாற்பதைக் கடந்த, வடக்கின் பனியில் ஆண்டுகள் பல கழித்த ஓர் அதிகாரி, கடைசியில் ஒரு பிள்ளையாக அம்மாவுக்கு எழுதிவிட்டுப் போனார்.

அவர் தைரியசாலி என்பதில் சந்தேகமில்லை. அவரிடம் இல்லாமல் போனது, வழி தெரியவில்லை என்பதை ஒரு வாரம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லும் மனம். பெரியவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது பிள்ளைகளோடு பயணம் போனவர்களுக்குத் தெரியும். வீட்டில் அப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்ற நாடகம் பல ஆண்டுகள் ஓடும். கடைக்குப் போனால் வழி கூகுள் சொல்லும், பழுதானால் மெக்கானிக் வருவார், நோய் வந்தால் டாக்டர் இருக்கிறார். இவர்கள் எல்லோரும் சேர்ந்து அப்பாவைச் சர்வவல்லமை உடையவராகக் காட்டுகிறார்கள். டெம்ப்ஸ்டரில் அந்தத் துணை எதுவும் கிடையாது. கூர்மையான கல் டயரைக் கிழித்தால் அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, கொசுக் கூட்டத்துக்கு நடுவே, நடுங்கும் கையால் டயர் லீவரைச் செருக வேண்டும். முதல் முயற்சியில் டயர் ரிம்மை விட்டுக் கழலாது. பிள்ளை பார்த்துக்கொண்டே நிற்கும். “அந்த லீவரைக் கெட்டியாப் பிடிச்சுக்க, விட்டுராத” என்று அப்பா சொல்வார். இரண்டு கைகள் போதாத வேலையில் மூன்றாவது, நான்காவது கையாக அந்தப் பிள்ளை மாறுகிற நேரம் அது.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் தேவை. அம்மாவோ அப்பாவோ குழம்பி நிற்பதை, தள்ளிப்போடுவதை, யோசிப்பதை, “எனக்குத் தெரியல, யாரையாவது கேட்போம்” என்று சொல்வதை அது நேரில் பார்க்க வேண்டும். பயப்படுகிற பெரியவர் என்ன செய்கிறார் என்பதை வேறெங்கே அது கற்றுக்கொள்ளும்? வீட்டுக்குள் நடக்கும் பயங்களைப் பெற்றோர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். பணக்கஷ்டம், வேலை போவது, உடம்புக்கு வருவது எதுவும் பிள்ளையின் காதுக்குப் போகாது. திறந்தவெளிச் சாலையில் சாத்துவதற்குக் கதவு இல்லை.

இங்கே ஒன்றையும் மறக்கக் கூடாது. வண்டியில் வருபவர்களுக்கு ஆளரவமற்ற காடாகத் தெரியும் அந்த நிலம் வேறு சிலருக்கு வீடு. சாலைக்குப் பாதை பார்க்க வந்தவர்களுக்கு பிளாக்ஸ்டோன் பகுதியில் வழி காட்டியவர் ஜோ ஹென்றி என்ற பழங்குடி முதியவர். வேட்டைக்காகவும் கண்ணிவைக்கவும் வாழ்நாள் முழுக்க நடந்த தடங்கள் அவருக்கு அத்துப்படி. ஃபிட்ஸ்ஜெரால்ட் அனுப்பிவிட்ட வகை அறிவைக் கேட்டுத்தான் இந்தச் சாலையே உருவாயிற்று. 539-வது கிலோமீட்டரில் பீல் ஆறு வருகிறது. பாலம் இல்லை. கம்பிவடத்தில் இழுத்துக் கரை சேர்க்கும் மிதவைப் படகு இருக்கிறது, கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டிகள் போகும். உறையும் பருவத்திலும் உடையும் பருவத்திலும் சில வாரங்கள் படகும் இல்லை, பனிப்பாதையும் இல்லை. யாரும் எங்கும் போக முடியாது.

கோடையில் அந்த ஆற்றங்கரைகளில் குவிச்சின் குடும்பங்கள் மீன்பிடி முகாம் போட்டிருப்பார்கள். பிடித்த மீனை இரண்டாகப் பிளந்து, சதையில் குறுக்கே கோடுகோடாகக் கீறி, புகையூட்டிக் காயவைப்பார்கள். கத்தி பிடிக்கும் வயது வந்த பிள்ளைகள் பாட்டிமாரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். அங்கே பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இருப்பதில்லை. மீன் உலர வேண்டும், குளிர்காலத்துக்குச் சாப்பாடு வேண்டும், அதில் அவர்கள் கையும் வேண்டும். விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் அதைப் போலி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் ரேடியேட்டர் சேற்றைச் சுரண்டும் வேலை பிள்ளைக்கு உரியதாக இருந்தால், பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டு பிள்ளையின் கையில் இருந்தால், பயணத்தின் ஒரு பகுதி உண்மையிலேயே பிள்ளையைச் சார்ந்து நடக்கும். கணக்கு தவறினால் இருவரும்தான் நிற்க வேண்டும். அந்த நம்பிக்கையை வைப்பதற்கு முன்சீட்டுக்காரருக்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

பெர்சிக்கிடம் மறுபடி போக வேண்டியிருக்கிறது. 2006-ல் லண்டன் ‘அப்சர்வர்’ பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், மகன் அந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்று அவரிடம் கேட்டார்கள். கிறிஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை என்றார். அந்தப் பயணத்தில் தான் சந்தோஷமாகத்தான் இருந்ததாகவும், புத்தகத்தில் இருப்பது உண்மை இல்லை என்றும் கிறிஸ் அப்பாவிடமே சொல்லியிருக்கிறான். அந்தப் புத்தகம் மகனை மிகவும் உலுக்கிவிட்டதாகப் பெர்சிக் சொன்னார். அவரால் கிறிஸ்ஸிடம் மறுபடி கேட்க முடியாமல் போயிற்று. 1979 நவம்பர் 17 அன்று சான்பிரான்சிஸ்கோவில், தான் தங்கியிருந்த ஜென் மையத்துக்கு அருகே கிறிஸ் வழிப்பறிக்காரர்களால் குத்திக் கொல்லப்பட்டான். அவனுக்கு 23-வது பிறந்தநாள் வர இரண்டு வாரம் இருந்தது.

உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட ஒரு பயணம்; அதில் வண்டியில் இருந்த இருவரில் ஒருவர் அப்படி இல்லை என்கிறார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. ஒரே வண்டியில் இரண்டு பயணங்கள் போயிருக்கின்றன. அப்பா தன் பயணத்தை எழுதினார், அதையே இருவரின் பயணம் என்று உலகம் எடுத்துக்கொண்டது. அந்த ஹோண்டா இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. பின்சீட்டின் கதையைச் சொல்ல யாரும் இல்லை.

இன்று இந்தச் சிக்கல் பெருகியிருக்கிறது. ஹெல்மெட்டில் கேமரா, ஹேண்டில்பாரில் கேமரா, மேலே பறக்கும் ட்ரோன். ஈகிள் பிளெயின்ஸ் வைஃபை கிடைத்ததும் பிள்ளை அழுததும் சிரித்ததும் சேற்றில் விழுந்ததும் ஊரறியப் போகின்றன. பெற்றோர் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குத் தன் பயணம் என்னவென்று தெரிவதற்கு முன்பே அது இன்னொருவர் குரலில் வெளியாகிவிடுகிறது. இருபது வயதில் “அது அப்படி இல்லை” என்று சொல்ல நினைத்தாலும், வீடியோ இருக்கிறதே என்பார்கள். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காம் கருவியும் அப்படித்தான். பள்ளம் வருகிறது, கெட்டியாகப் பிடி என்று சொல்ல அது உதவும், உயிர் காக்கும். நாள் முழுக்க அதில் விளக்கம் சொல்லிக்கொண்டே வரும் அப்பா, பெர்சிக் மனதுக்குள் நடத்திய சொற்பொழிவைப் பிள்ளையின் காதுக்குள் நடத்துகிறார். சில மணி நேரம் அதை அணைத்து வைப்பது நல்லது. பின்சீட்டில் யோசிக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் சொந்தம்.

1998 கோடையில் இந்தச் சாலையில் வேறோர் அப்பா போனார். அவர் பின்சீட்டில் யாரும் இல்லை. ‘ரஷ்’ இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட். 1997 ஆகஸ்டில் அவருடைய ஒரே மகள் செலினா, 19 வயது, பல்கலைக்கழகத்துக்குக் காரில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். பத்து மாதத்தில் மனைவி ஜாக்குலின் புற்றுநோயால் இறந்தார். பியர்ட் 1998 ஆகஸ்டு 20 அன்று கியூபெக்கில் இருந்த தன் வீட்டிலிருந்து பிஎம்டபிள்யூ ஆர்1100ஜிஎஸ் வண்டியில் கிளம்பினார். எங்கே என்று திட்டம் இல்லை. மேற்கே போனார், பிறகு வடக்கே, டெம்ப்ஸ்டர் வழியாக இனுவிக் வரை. அதற்குப் பிறகு அலாஸ்கா, மெக்சிகோ, பெலீஸ். 14 மாதங்களில் 88,000 கிலோமீட்டர். கைக்குழந்தையை வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால் அழுகை அடங்குவது போல, தன் உயிரை ஓட்டத்திலேயே வைத்து அமைதிப்படுத்தியதாக அவர் பின்னால் எழுதினார். குழந்தையை இழந்த அப்பா தன்னையே குழந்தையாக ஏந்திக்கொண்டு போயிருக்கிறார். பிறகு மறுமணம் செய்தார். 2009-ல் ஒரு மகள் பிறந்தாள். 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயால் இறந்தார்.

பியர்டின் கதையைப் படித்துவிட்டு, காலம் போவதற்குள் பிள்ளையோடு எங்காவது போய்விட வேண்டும் என்று பதறிக் கிளம்புவது இயல்பு. ஆனால் அந்தப் பதற்றமும் பெரியவரின் பதற்றம்தான். பிள்ளைக்கு வர விருப்பமில்லை என்றால் என்ன செய்வது? பதினாலு வயதில் நண்பர்களை விட்டு மூன்று வாரம் போக மாட்டேன் என்று சொல்லும் பிள்ளையை இழுத்துப் போகலாமா? பள்ளிக்கும் பல்மருத்துவரிடமும் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகலாம். அதற்குக் காரணம் உண்டு. 740 கிலோமீட்டர் சரளைச் சாலைக்கு அந்தக் காரணம் கிடையாது. விருப்பமில்லாதவர் பின்சீட்டில் இருக்கக் கூடாது, அது பாதுகாப்பும் இல்லை. அடுத்த ஆண்டு கேட்கலாம், அல்லது வேறு எதையாவது பிள்ளையே சொல்லும்வரை காத்திருக்கலாம்.

இனுவிக்கோடு முன்பு சாலை முடிந்தது. 2017 நவம்பரிலிருந்து இன்னும் 138 கிலோமீட்டர் போய் டுக்டோயாக்டுக் என்ற, இனுவியாலுயிட் பழங்குடியினரின் ஊரில் ஆர்க்டிக் கடலைத் தொடலாம். ஊருக்கு வெளியே, தரைக்கு அடியில் உறையும் நீர் மண்ணைக் குன்றாகப் பிதுக்கித் தள்ளிய பிங்கோ மேடுகள் எழுந்து நிற்கின்றன. இபியுக் என்ற மேடு 49 மீட்டர் உயரம். கடற்கரையில் உறைமண் உருகிக் கரை இடிந்து விழுகிறது. அங்கிருந்து சில வீடுகளை உள்ளே தள்ளி நகர்த்தியிருக்கிறார்கள். புவி சூடாவதைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, தான் வந்த சாலையே அதனால் அலைஅலையாக அமிழ்கிறது என்பது டயரின் வழியாக முதுகெலும்புக்குத் தெரிந்திருக்கும்.

திரும்புவதற்கு வேறு வழி கிடையாது. வந்த சாலையில்தான் போக வேண்டும். போகும்போது எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்தது போல இருந்தது. வரும்போது பிள்ளைக்கும் தெரியும். ரிச்சர்ட்சன் மலைகளுக்குப் பக்கத்தில் காற்று எங்கே அடித்துத் தள்ளும், எந்த இறக்கத்தில் சேறு ஆழம், எதிரே லாரி வந்தால் கல் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதெல்லாம் அதன் உடம்பில் பதிந்திருக்கிறது. ஈகிள் பிளெயின்ஸில் மழை பிடித்துக்கொண்டு, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் அப்பாவுக்குக் கிளம்பத்தான் தோன்றும். “இன்னைக்குப் போகலாமா, நாளைக்குப் போகலாமா, நீ என்ன நினைக்கிற?” என்று அப்போது பிள்ளையிடம் கேட்கலாம். கேட்ட பிறகு பதிலை மதிக்க வேண்டும். நாளைக்கு என்று பிள்ளை சொன்னால், கவுண்டருக்குப் போய் இன்னொரு நாள் அறை வாடகையைக் கட்டிவிட்டு, ஈர ஜாக்கெட்டுகளைக் காயப்போட வேண்டும்.